41-க்கு 0: ஜெயித்தது யார்?



2025 ஜூன் 29ஆம் தேதி இரவு பம்பாய் அந்தேரியில் ஒரு பந்தயம் நடந்தது. ரக்பி பிரிமியர் லீக் என்று பெயர். அதுதான் அதன் முதல் ஆண்டு. இறுதி ஆட்டத்தில் 'சென்னை புல்ஸ்' என்ற அணி 'தில்லி ரெட்ஸ்' என்ற அணியை 41-க்கு 0 என்று சாய்த்துவிட்டது. மறுநாள் மாலை நம் சங்க அறைக்குப் போனால் மேஜை மேல் ஒரு டப்பா லட்டு. "தில்லிக்காரனை ஒரு பாயிண்ட் கூட எடுக்க விடவில்லை நம்ம பசங்க!" என்று ஒரே குதூகலம். பாராட்டுத் தீர்மானம் வேண்டும் என்று ஒருவர் தாளில் எழுதியே கொண்டுவந்துவிட்டார்.

நான் எதிர்த்தேன். லட்டும் எடுக்கவில்லை. கை தூக்கச் சொன்னார்கள். என் பக்கம் நாலு கை, அந்தப் பக்கம் ஒன்பது கை. தோற்றுவிட்டேன். "இவனுக்கு எதிலும் குறை" என்று சொன்ன அண்ணன்மாருக்கும், எதற்கு இவ்வளவு கோபம் என்று கேட்ட பெண்பிள்ளைகளுக்கும் என் தரப்பை எழுத இந்த இதழில் இடம் கேட்டேன். கொடுத்தார்கள். நன்றி.

முதலில் தேதியைக் கவனியுங்கள். அதே ஜூன் மாதம் 1ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன நடந்தது? ஜங்புராவில் பாராபுல்லா நாலாவின் கரையில் நம் மதராசி கேம்ப்பில் புல்டோசர் இறங்கியது. சுமார் 370 வீடுகள். அரை நூற்றாண்டுக்கு மேல் நம்மவர் குடியிருந்த இடம். விழுப்புரத்திலிருந்தும் கள்ளக்குறிச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் ரயிலேறி வந்து, தகரத்தில் தொடங்கி, செங்கல் வைத்து, கோயில் கட்டி, பேரன் பேத்தி எடுத்த இடம். அன்று பொழுது சாய்வதற்குள் செங்கல் மேடாகிவிட்டது. 215 குடும்பங்களுக்கு நரேலாவில் வீடு என்றார்கள். மீதி 155 குடும்பத்துக்கு ஒன்றுமில்லை என்றார்கள். தகுதியில்லையாம்!

1ஆம் தேதி தில்லி நம்மை ஜெயித்தது. 29ஆம் தேதி 'சென்னை' தில்லியை ஜெயித்ததாம். கணக்கு நேராகிவிட்டது என்று லட்டு தின்றார்கள் நம் ஆட்கள். இதைப் பார்த்துச் சிரிப்பதா, அழுவதா?

"நம்ம பசங்க" என்கிறீர்களே, யார் அவர்கள்? அந்த லீக்கின் ஒவ்வொரு அணியிலும் அயல்நாட்டு வீரர்கள் பலர், இந்திய வீரர்கள் சிலர். ஓர் ஆட்டமாவது சென்னையில் நடந்ததா? இல்லை. தில்லியில்? அதுவும் இல்லை. அத்தனையும் அந்தேரியில் ஒரே மைதானத்தில்தான். சென்னை என்பது பனியனில் அச்சடித்த ஒரு பெயர், தில்லி என்பது இன்னொரு பனியனில் அச்சடித்த இன்னொரு பெயர். இரண்டுக்கும் முதலாளிகள் உண்டு. ஆடிய பிள்ளைகள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இந்தியாவில் ரக்பி ஆடுகிறவர்களில் ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த ஏழை வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் ஓடிப் பிழைக்கிறார்கள், நாம் சுமந்து பிழைக்கிறோம். என் சண்டை அவர்களோடு அல்ல.

ஆட்டத்தோடும் அல்ல. நம் பிள்ளைகள் பலர் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன். முட்டை வடிவத்தில் ஒரு பந்து. கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம். எதிராளி கட்டிப்பிடித்து மண்ணில் சாய்க்கலாம். ஆனால் பந்தைக் கையால் முன்னுக்கு எறியக் கூடாது. பக்கத்திலோ பின்னாலோ வருகிறவனிடம்தான் தர வேண்டும். கோட்டைத் தாண்டி மண்ணில் பந்தை ஊன்றினால் ஐந்து பாயிண்ட். பதினைந்து பேர் ஆடுவது பெரிய ஆட்டம். ஏழு பேர் ஆடுவது சின்ன ஆட்டம். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இந்தச் சின்ன ஆட்டம் 1883ல் ஸ்காட்லாந்தில் மெல்ரோஸ் என்ற சிற்றூரில் பிறந்தது. யோசனை சொன்னவர் நெட் ஹெய்க் என்ற கசாப்புக் கடைக்காரர். ஊர் க்ளப்பில் காசில்லை, காசு சேர்க்க ஒரு வழி கண்டுபிடித்தார். உழைக்கிற மனிதன் கண்டுபிடித்த ஆட்டம். அதில் எனக்கென்ன பகை?

பெரிய ஆட்டத்துக்கும் நமக்கும் ஒரு பழைய கணக்கு மட்டும் இருக்கிறது. 1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் ரக்பி ஆடினார்கள். அடுத்த மாதம் க்ளப் வைத்தார்கள். நாலைந்து வருஷத்தில் ஆள் குறைந்தது, க்ளப்பை மூடினார்கள். பாங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக வாங்கி, உருக்கி, நாகப்பாம்புக் கைப்பிடி வைத்து, மூடியில் யானை வைத்து ஒரு கோப்பை செய்து லண்டனுக்கு அனுப்பினார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் 'கல்கத்தா கோப்பை'க்குத்தான் மோதுகின்றன. இன்றைக்கும் ஆறு நாட்டுப் போட்டியில் வருஷாவருஷம் அதைத் தூக்கிக் காட்டுகிறார்கள். 2025 பிப்ரவரியில் ஒரே ஒரு பாயிண்டில் இங்கிலாந்து ஜெயித்து வாங்கிப்போனது.

அந்த வெள்ளியை உருக்கிய நாளில் நம் ஊரில் என்ன நடந்தது என்று யாருக்காவது நினைவிருக்கிறதா? தாது வருஷப் பஞ்சம்! சேலத்திலும் கோயமுத்தூரிலும் வட ஆற்காட்டிலும் மனிதர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். நிவாரண வேலை என்று மண் வெட்டச் சொல்லி, நாளெல்லாம் வெட்டினால் ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் கொடுத்தார்கள். பிழைத்துக் கிடந்தவர்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் கப்பலேறினார்கள். அந்தப் பஞ்சத்தின் நடுவே, 1877 ஜனவரி 1ஆம் தேதி, வைசிராய் லிட்டன் பிரபு எங்கே இருந்தார்? இதே தில்லியில்! விக்டோரியா ராணிக்குச் சக்கரவர்த்தினிப் பட்டம் அறிவித்து தர்பார் நடத்திக்கொண்டிருந்தார். அந்தக் கோப்பையின் வெள்ளியில் நம் பாட்டன் வரிப்பணம் எத்தனை தோலா என்று என்னால் பிரித்துக் காட்ட முடியாது. ஆனால் தில்லியில் விழா நடந்தால் நம் பக்கத்து வீட்டில் அடுப்பு அணையும் என்பது அன்றைக்கே தெரிந்துபோன விஷயம்.

சரி, நம் காலத்துக்கு வருகிறேன். தில்லியில் உலக ரக்பி நடந்ததே, அதையாவது ஞாபகம் வைத்திருக்கிறோமா? 2010 அக்டோபர் 11, 12. காமன்வெல்த் விளையாட்டு. வடக்கே தில்லிப் பல்கலைக்கழக மைதானத்தில் ஏழு பேர் ரக்பி. நாடுகள் பதினாறு. நாள் இரண்டு. இறுதியில் நியூசிலாந்து 24, ஆஸ்திரேலியா 17. நியூசிலாந்துக்கு அது தொடர்ந்து நாலாவது தங்கம். இந்தியாவும் ஆடியது, ஆரம்பச் சுற்றிலேயே வெளியேறியது. அந்த விளையாட்டு விழாவுக்காக விடுதிகளைக் காலி செய்து மாணவர்களை வெளியே அனுப்பினார்கள். தார்ப்பாய் போட்டுக்கொண்டு உட்கார்ந்து போராடிய மாணவர்களை வடக்கு தில்லியில் கூலிக்குப் போன நம்மவர்கள் நேரிலேயே பார்த்தார்கள்.

ஏழு பேர் ஆட்டத்தில் சூரர்களான ஃபிஜிக்காரர்கள் மட்டும் வரவில்லை. காரணம் தெரியுமா? ஃபிஜியில் ராணுவத் தளபதி ஆட்சியைப் பிடித்து தேர்தலைத் தள்ளிப்போட்டதால் 2009 செப்டம்பரில் அந்த நாட்டைக் காமன்வெல்த் விலக்கிவைத்தது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஏற்றிச் செல்லப்பட்ட நம்மவரின் வாரிசுகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். தேர்தல் நடத்தாதவனை விலக்கியது நல்லதுதான், நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏழையின் குடிசையை இடித்துக் கார் நிறுத்த இடம் போட்டவனை விலக்கி வைக்க எந்தக் காமன்வெல்த்திலாவது விதி இருக்கிறதா?

ஆம், கார் நிறுத்த! இதைத்தான் லட்டு தின்றவர்கள் மறந்துவிட்டார்கள். 2010 ஜனவரி, தில்லிக் குளிர் எலும்பைத் துளைக்கும் நேரம். ஜங்புராவிலேயே, ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில், முந்நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ்க் குடும்பங்கள், எல்லோரும் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள், முப்பத்தைந்து வருஷம் குடியிருந்த ஜுக்கிகளை இடித்தார்கள். எதற்கு? ஸ்டேடியத்துக்கு வருகிறவர்களின் கார்களை நிறுத்த! பதினொரு நாள் விழாவுக்கு வரும் காருக்கு இருக்கிற மதிப்பு முப்பத்தைந்து வருஷம் வாழ்ந்த மனிதனுக்கு இல்லை. இடிக்காமல் விட்ட ஜுக்கிகளை வெள்ளைக்காரன் கண்ணில் படாதபடி தட்டியும் பேனரும் கட்டி மறைத்தார்கள். அந்தப் பேனரில் 'ஷேரா' என்ற புலி சிரித்துக்கொண்டு நின்றது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதும் கேளுங்கள். தாழ்த்தப்பட்ட மக்களின் முன்னேற்றத்துக்கென்று தனியாக ஒதுக்கிய நிதியைத் தில்லி அரசு விளையாட்டுச் செலவுக்குத் திருப்பிவிட்டது. 678 கோடி ரூபாய்க்கு மேல் போனது என்று அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம், நம் சிவகங்கைக்காரர், 2010 ஆகஸ்டில் பாராளுமன்றத்திலேயே ஒத்துக்கொண்டார். தவறு, திருப்பித் தரப்படும் என்றார். இப்படிக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: தலித் தமிழனின் வீட்டை இடித்தது விளையாட்டுக்காக, அந்த விளையாட்டுக்குச் செலவழித்தது தலித் மக்களின் பணம். தன் செலவில் தன் வீட்டை இடித்துக்கொண்டவன் உலகத்தில் நம்மைத் தவிர வேறு யாராவது உண்டா?

கட்டியவர்கள் கதைக்கு வருகிறேன். என் மைத்துனன் 2010ல் ஒரு வேலையிடத்தில் சென்டரிங் கட்டினான். எந்த இடம், எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. கடைசிப் பதினேழு நாள் கூலி இன்றுவரை வரவில்லை. மேஸ்திரியைக் கேட்டால் சப்-காண்டிராக்டரைக் காட்டினார். சப்-காண்டிராக்டரைக் கேட்டால் பெரிய காண்டிராக்டரைக் காட்டினார். பெரிய காண்டிராக்டரின் கேட்டில் நின்ற காவலாளி மேஸ்திரியிடமே போகச் சொன்னான். ரக்பி விதி எனக்கு அப்போதுதான் உறைத்தது. லாபம் மேலே போகும், பொறுப்பு என்ற பந்தை மட்டும் ஒவ்வொருவனும் தனக்குப் பின்னால் நிற்கிறவனிடம் தள்ளிவிடுவான். கடைசியில் நிற்கிறவனுக்குப் பின்னால் யாருமில்லை. அவன்தான் மண்ணில் விழுவான்.

இது என் மைத்துனன் கதை மட்டுமல்ல. ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் உயர்நீதிமன்றம் போய், நீதிமன்றம் குழு போட்டு, அந்தக் குழு வேலையிடங்களில் நடந்து பார்த்து அறிக்கை கொடுத்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கூலி, ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கிடையாது, பதிவு கிடையாது, கக்கூஸ் கிடையாது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனதும் அப்போதுதான் வெளியே வந்தது. செப்டம்பர் 21ஆம் தேதி நேரு ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் நடைபாலம் சரிந்து விழுந்து இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் அடிபட்டார்கள். பத்திரிகைகள் என்ன எழுதின? "இந்தியாவின் மானம் போச்சு" என்று எழுதின. கால் போனவனைப் பற்றி எழுதிய பத்திரிகையை விரல் விட்டு எண்ணலாம்.

நம் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. 1982 ஏஷியாட் வந்தபோதும் இதே தில்லி, இதே மண், இதே தலைச்சுமை. ஒன்பதேகால் ரூபாய் தினக்கூலியில் ஜமாதார் ஒரு ரூபாய் கமிஷன் பிடித்துக்கொண்டான். அதே ஜனநாயக உரிமைச் சங்கம் நீதிபதிக்கு ஒரு கடிதம்தான் எழுதியது. அந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டு 1982 செப்டம்பர் 18ஆம் தேதி நீதிபதி பகவதி தீர்ப்புச் சொன்னார்: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்கிற கட்டாய உழைப்பு; பசிக்காக ஒத்துக்கொண்டாலும் அது கட்டாயம்தான். என்ன அருமையான தீர்ப்பு! சட்டக் கல்லூரிகளில் பாடமாக வைத்திருக்கிறார்கள். இருபத்தெட்டு வருஷம் கழித்து, அந்த ஏஷியாடுக்குக் கட்டிய அதே நேரு ஸ்டேடியத்தைப் புதுப்பிக்கும்போது அந்தத் தீர்ப்பு எந்த மூட்டையில் கட்டிக் கிடந்தது?

நம் எதிர்த்தரப்பு அண்ணன்மார் மூன்று வாதம் சொன்னார்கள். பதில் சொல்லாமல் விட்டால் ஓடிவிட்டான் என்பார்கள்.

ஒன்று, மதராசி கேம்ப்பை விளையாட்டுக்காகவா இடித்தார்கள், நாலா அடைத்துக்கொண்டு மழைக்காலத்தில் வெள்ளம் வருகிறது என்றுதானே உயர்நீதிமன்றம் சொன்னது? உண்மை. 2010ல் இடித்ததும் 2025ல் இடித்ததும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. நாலா சுத்தமாக வேண்டும், வெள்ளம் வந்தால் முதலில் நனைகிறவர்களும் நாம்தான். நரேலாவில் தண்ணீர், மின்சாரம், பள்ளிச் சேர்க்கை எல்லாம் செய்துகொடுங்கள் என்றும் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி. அதே பாராபுல்லா நாலாவின் மேல், 2010ல், வீரர்கள் விளையாட்டுக் கிராமத்திலிருந்து ஸ்டேடியத்துக்குத் தடையில்லாமல் போக வேண்டும் என்று தூண் நட்டு மேம்பாலம் போட்டார்களே, அப்போது நாலாவின் நினைவு வந்ததா? காங்கிரீட் தூண் நாலாவில் நின்றால் வளர்ச்சி. தமிழச்சி அதன் கரையில் நின்றால் ஆக்கிரமிப்பு!

இரண்டு, 215 பேருக்கு வீடு கிடைத்ததே, நன்றி வேண்டாமா? நரேலாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து இதைச் சொல்லுங்கள். நான் போனேன். எங்கள் ஊர்க்கார அக்கா ஒருவர், ஜங்புராவில் நாலு பங்களாவில் பாத்திரம் தேய்த்தவர், இப்போது விடிவதற்கு முன்னால் எழுந்து பஸ் பிடிக்கிறார். நாற்பது கிலோமீட்டர். பஸ் மாறி மாறி வந்து சேரும்போது இரண்டு வீட்டம்மா வேறு ஆள் வைத்துவிட்டார்கள். இருக்கிற இரண்டு வீட்டுச் சம்பளத்தில் பஸ்ஸுக்கே ஒரு பங்கு போகிறது. "வீடு நல்லாத்தான் இருக்கு தம்பி, அதுல இருக்கத்தான் நேரமில்ல" என்றார். அவர் மகள் லோதி எஸ்டேட்டில் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். நரேலாவில் தமிழ் சொல்லித்தர ஒரு பள்ளி இல்லை. இந்தி படிக்கட்டுமே என்கிறீர்களா? படிக்கட்டும், நானும் படித்தேன். ஆனால் பாட்டியின் கடிதத்தை வாசிக்கத் தெரியாமல் வளர்கிற பிள்ளைக்கு, பனியனில் 'சென்னை' என்று ஆங்கிலத்தில் எழுதி மாட்டிவிட்டால் தமிழ் வந்துவிடுமா?

அந்த 155 குடும்பத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. காகிதம் இல்லையென்று தள்ளப்பட்டவர்கள். மனிதன் பொய்யில்லை, குடியிருந்தது பொய்யில்லை. தேதி போட்ட காகிதம் இல்லை, அவ்வளவுதான். ஊர் திரும்ப விரும்பினால் உதவுகிறோம் என்று தமிழ்நாடு அரசு சொன்னது. நல்ல மனசுதான். ஊரில் வேலை இருந்திருந்தால் எங்கள் அப்பா ஜி.டி. எக்ஸ்பிரஸில் கழிப்பறைக் கதவோரம் இரண்டு ராத்திரி நின்றுகொண்டு வந்திருக்க மாட்டாரே!

மூன்றாவது வாதத்தைச் சொன்னவர் வயதில் மூத்தவர், அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. "எப்போதும் அழுதுகொண்டே இருந்தால் எப்படி? நம் பிள்ளைகளுக்கும் ஒரு சந்தோஷம் வேண்டாமா?" என்றார். இதற்கு மட்டும் நான் கொஞ்சம் தடுமாறினேன். வேண்டும் ஐயா. ஆனால் அந்தச் சந்தோஷம் அவர்கள் காலால் ஓடி வரட்டுமே. நரேலாவில் சங்கம் ஒரு பந்து வாங்கிக் கொடுக்கட்டும், முட்டைப் பந்தே ஆனாலும் சரி. பாராட்டுத் தீர்மானத்துக்குக் கை தூக்கிய ஒன்பது பேரும் லட்டுக்குப் போட்ட காசில் அதை வாங்கியிருக்கலாம்.

இப்போது ஏன் இதையெல்லாம் கிளறுகிறேன்? 2025 நவம்பர் 26ஆம் தேதி கிளாஸ்கோவில் முடிவு செய்துவிட்டார்கள்: 2030 காமன்வெல்த் விளையாட்டு ஆமதாபாத்தில். இரண்டு மாதமாக நம் பகுதியில் ஓர் ஏஜெண்ட் சுற்றுகிறார். "குஜராத்தில் பெரிய வேலை வருது, முன்பணம் தர்றேன்" என்கிறார். நம் இளைஞர் சிலர் பெயர் கொடுத்துவிட்டார்கள். போகாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. வேலை இல்லாத வீட்டில் உபதேசம் எடுபடாது. ஆமதாபாத் மணிநகர்ப் பக்கம் மில் வேலைக்குப் போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அவர்களுடைய தமிழ்ப் பள்ளியைப் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று 2020ல் மூடினார்கள். ஆக அங்கே கட்டப் போகிறவர்களும் நாம்தான், இடம் காலி செய்யச் சொல்லப் போவதும் நம் போன்றவர்களைத்தான். 2010 ஊழலுக்கு என்ன ஆயிற்று என்கிறீர்களா? 2011ல் ஏற்பாட்டுக் குழுத் தலைவரைக் கைது செய்தார்கள். 2025 ஏப்ரலில் அமலாக்கத் துறை தன் வழக்கை முடித்துக்கொள்கிறோம் என்று கொடுத்த அறிக்கையைத் தில்லி நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பெரியவர்கள் கணக்கு முடிந்துவிட்டது. என் மைத்துனனின் பதினேழு நாள் கணக்குத்தான் பாக்கி.

ஏஜெண்டிடம் பெயர் கொடுத்தவர்கள் மூன்று விஷயம் கேளுங்கள். கம்பெனியின் பெயர் எழுதிய நியமனத் தாள். ஊர் போய்வரும் செலவு யாருடையது என்பது. கட்டடத் தொழிலாளர் நலவாரியப் பதிவு. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் தொழிலாளியின் நலனுக்கென்று வசூலிக்கிறார்கள். காமன்வெல்த் சமயத்தில் தில்லியில் கோடி கோடியாகச் சேர்ந்து அப்படியே கிடந்தது. வாங்க ஆள் பதிவாகவில்லை. பன்னிரண்டு மாதத்தில் 90 நாள் வேலை செய்திருந்தால் பதிவு உண்டு. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களை மடக்கி நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் போட்டுவிட்டார்கள். வெளிமாநிலத் தொழிலாளிக்காக இருந்த 1979ஆம் வருஷச் சட்டமும் அதற்குள் போய்விட்டது. எது மிஞ்சியது, எது போயிற்று என்று விளக்க ஒரு வக்கீல் தோழர் வர ஒத்துக்கொண்டிருக்கிறார்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு சங்க அறையில் கூடுகிறோம். ஜுக்கி இருப்பவர்கள், இழந்தவர்கள், இரண்டு பேரும் வாருங்கள். ஆதார், ரேஷன் அட்டை, பழைய வாக்காளர் பட்டியல் நகல், மின்சார ரசீது, பிள்ளையின் பள்ளிச் சான்று, எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். 2015 ஜனவரிக்கு முந்தைய தேதி போட்டதாக இருந்தால் மிகவும் நல்லது, கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. நகல் எடுத்து ஒரு கட்டாக வைக்கிறோம். அந்த 155 குடும்பத்தில் யாரெல்லாம் எங்கே வாடகைக்கு இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் அவர்களிடம் சொல்லி அனுப்புங்கள். நரேலாவிலிருந்து வருகிறவர்களுக்கு பஸ் செலவை சங்கம் கொடுக்கும். இதற்கான தீர்மானத்துக்கு மட்டும் பதின்மூன்று கையும் தூக்கினார்கள்.